எட்டாம் நம்பர் பச்சை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் இந்த வீட்டில் எல்லோரும் சிரித்த முகத்தோடு எழுந்து போனார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். பாகப் பிரிவினை பேசி முடித்த கையோடு ஒரு குடும்பமே சிரிக்கிறது என்றால் யாரோ ஒருவர் தலையில் ஏதோ கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மாடியறை அண்ணனுக்கு. கீழே இத்தனை நாள் பூட்டியே கிடந்த பின்பக்கத்து அறை தங்கைக்கு. புருஷன் போன பிறகு ஒன்பது வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு நாலு வாடகை வீடு மாறியவள் அவள். காற்றும் வெளிச்சமும் கொட்டுகிற மாடியைத் தயங்காமல் விட்டுக்கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு. பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அறைக்கு என்ன கலர் அடித்தாலும் அதை அண்ணி பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அண்ணிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் சாயக்காரி. சாயப்பட்டறையின் லேபில் பதினெட்டு வருஷமாக நிறம் பார்க்கிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டையும் தொட்டியிலிருந்து எடுத்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை பார்ப்பாள். அப்புறம் "ஆகும்" அல்லது "ஆகாது". மூன்றாவது வார்த்தை கிடையாது. அவள் ஆகாது என்று சொன்ன துணியை முதலாளியே வந்து கெஞ்சினாலும் லாரியில் ஏற்ற முடியாது.

அவளுடைய கணவன் பார்சல் ஆபீசில் மேனேஜர். வீட்டிலும் அவனுக்கு மேனேஜர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தான் போட்டிருக்கிற சட்டை நீலமா சாம்பலா என்று பெண்டாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆசாமி. அப்படிப்பட்டவன் பத்து நாளாக ஒரு பெயிண்ட் ஷேடு கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். டார்க் கிரீன்தான் இப்போது எல்லா வீட்டிலும் அடிக்கிறார்கள் என்றான். கார்டில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தான்.

மூன்றும் கரும்பச்சை. நமக்குக் காட்டினால் ஒரே கட்டத்தை மூன்று தடவை அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வோம். சாயக்காரிக்கு அப்படியில்லை. ஏழில் ஒரு சொட்டு நீலம் இருந்தது. ஒன்பதில் மஞ்சள் கூடியிருந்ததால் தேங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. எட்டில் கறுப்பு கலந்திருந்தது, ஆனால் அளவாக. புதன்கிழமை பெயிண்டரை வரவழைத்து, பின்பக்கத்து அறையின் சுவரில் செய்தித்தாள் அகலத்துக்கு மூன்று கட்டம் அடிக்கச் சொன்னாள். மூன்று நாள் காயட்டும், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஈரத்தில் தெரிகிற நிறம் பொய் நிறம் என்று உத்தரவு போட்டாள். மேனேஜர் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மூன்றாவது நாள்.

காலை ஆறரைக்கே அவள் அந்த அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் சுவரில் விழுந்தது. எட்டு அழகாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் கண்ணைப் பற்றி ஒரு பெருமை வந்தது. சாயங்காலம் நாத்தனார் வந்து நிற்கும்போது எட்டு என்று சொல்லிவிட்டு, ஏன் எட்டு என்று அரை மணி நேரம் விளக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

பிறகு ஏழைப் பார்த்தாள். கட்டத்தின் கீழ்ப்பாதியில், மேஜையில் டீ கிளாஸ் வைத்து எடுத்தது போல ஒரு பழுப்பு வளையம். அதன் மேல் இன்னொன்று.

ஒன்பது கொப்பளித்திருந்தது. அவள் ஒரு கொப்பளத்தை நகத்தால் அழுத்தினாள். அது பட்டென்று உடைந்து, பழுப்புத் தண்ணீர் விரல் வழியாக வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. கொழகொழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டாள். நாள் கணக்கில் வாளியில் ஊறிப்போன தரைத்துணியின் நாற்றம்.

அந்த நேரத்தில்தான் பெயிண்டர் வாளியும் பிரஷ்ஷுமாக உள்ளே வந்தார். சுவர் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? போன மாசமே கிரீம் கலர் அடிச்சேனே. நாலு நாள்ல கறை மேல வந்துடுச்சு. ரெண்டாவது கோட்டும் அதே கதிதான். இனிமே டார்க் அடிச்சாத்தான் மறையும்னு சார் கிட்ட சொன்னேன். எந்த டார்க் மறைக்குதுன்னு பார்க்கத்தான் கறை மேலேயே இந்த மூணு கட்டம்."

போன மாசம் அவள் பட்டறையில் இருந்த நேரமாகப் பார்த்து அவரை வரவழைத்திருக்கிறான் மேனேஜர். பெயிண்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் செய்கிறவர்.

அவள் மூலையிலிருந்த இரும்பு பீரோவை ஒரு பக்கமாகத் தள்ளினாள். அதன் பின்னால் சுவரே தெரியவில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூசணம். கறுப்பும் பச்சையுமாக, மெத்தென்று, ரோமம் முளைத்தது போல. நடுவில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். ஓரத்தில் ஏதோ ஒரு பூச்சி நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பெயிண்டரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

இந்த இடத்தில் பட்டறைச் சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிர் நிறத்தில் போட்ட துணியில் மெஷின் கிரீஸ் பட்டுவிட்டால் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. மறுபடி தொட்டியில் போட்டு, கறுப்பிலோ கருநீலத்திலோ கரும்பச்சையிலோ முக்கி எடுத்துவிடுவார்கள். கறை போகாது, உள்ளேயேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் யாராவது திடீரென்று டார்க் ஷேடு கேட்டு வந்தால் சாயக்காரி தலையை நிமிர்த்தாமலே "கறை எங்கே?" என்று கேட்பாள். லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஆயிரம் தடவை அடுத்தவர்களிடம் கேட்ட கேள்வி. சொந்த வீட்டில், சொந்தப் புருஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கண் மங்கிவிட்டதா என்றால் இல்லை. மாடியறை அவளுக்கு வேண்டியிருந்தது.

மேனேஜர் டீ கிளாஸோடு வந்தான். பெயிண்டரைக் கடைக்கு அனுப்பினான். தள்ளிக் கிடந்த பீரோவைப் பார்த்தும் அவன் முகம் மாறவில்லை. நேராகச் சுவருக்குப் போய், எட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினான்.

"பார்த்தியா, எட்டு தாங்குது."

அவன் குரலில் இருந்த திருப்தியைக் கேட்டு அவளுக்கு அந்தப் பூசணமே தேவலை என்று தோன்றியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். மாடி பாத்ரூம் குழாய், சுவருக்குள்ளே ஒழுகுகிறது என்றான். மேலே போட்ட புது டைல்ஸை எல்லாம் பெயர்த்தால்தான் குழாயைத் தொட முடியுமாம். பதிவு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். அப்புறம் என்பது எந்த வருஷம் என்று அவன் சொல்லவில்லை.

"உங்க தங்கச்சி பொண்ணுக்கு மூச்சு இரைக்கும். ராத்திரியெல்லாம் உக்காந்துட்டே தூங்குறவ அவ. இதுக்குள்ளயா படுக்க வைப்பீங்க?"

"ஜன்னலைத் திறந்து வெச்சா சரியாப் போயிடும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். திங்கட்கிழமை வரைக்கும் சும்மா இரு, போதும்." டீயை உறிஞ்சினான். "மாடி வேணும்னு நீதானே ஆசைப்பட்ட?"

அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அது உண்மை. ஒன்றரை மாசத்துக்கு முன்னாலேயே, தங்கையிடம் யாரும் பேச்செடுக்காதபோதே, மாடி ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள். இளமஞ்சள். பட்டறையில் அவளே நின்று சாயம் ஏற்றியது. காலை வெயில் பட்டால் அறையே வெண்ணெய் நிறமாகிவிடும். அதைப் பார்த்துப் பார்த்து எத்தனை நாள் பூரித்திருக்கிறாள். இன்றைக்கு அந்த நினைப்பே கசந்தது.

அவள் வேலைக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் விரலை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாற்றம் போகவில்லை.

சனிக்கிழமை பட்டறை அரை நாள்தான். அன்றைக்கென்று பார்த்து சூப்பர்வைசர் ஒரு தந்த நிறத் துணிக்கட்டைத் தூக்கிவந்து மேஜையில் போட்டார். ஓரம் நெடுக கிரீஸ் கோடு. பாட்டில் பச்சையில் முக்கிவிடலாமா என்று கேட்டார். வழக்கம்போல அவள் கறை எங்கே என்று கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள் என்று பக்கத்து மேஜைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். பேனாவைப் பிடித்த விரலில் காலையில் வந்த அதே வாடை அடித்தது.

பன்னிரண்டரைக்குப் போன். நாத்தனார். நூலகத்தில் புத்தகம் கொடுக்கிற வேலை என்பதால் எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவாள், போனிலும்கூட. பெண் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைக் கிரேயானைத் தேய்த்து வைத்திருக்கிறாளாம். தன் அறையாம் அது. நடுவில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பொம்மை.

"ஏழா எட்டா ஒன்பதா அண்ணி? இப்பவே சொல்லுங்க, இவ என்னைப் பிச்சு எடுக்குறா. நீங்க சொன்னா நான் வந்து பார்க்கக்கூட வேணாம். மத்தவங்க கண்ணை நான் நம்ப மாட்டேன்."

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சுவர் அழுகிக் கிடக்கிறது, வராதே என்று நாலு வார்த்தை. அவள் சொன்னது வேறு. சாயங்காலம் வா, டியூப் லைட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இப்படிப்பட்ட சங்கதியை போனிலா சொல்வது என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சப்பைக்கட்டு. அது அவளுக்கே தெரியும். போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது பின்பக்கத்து அறை மணவறை மாதிரி ஜோடிக்கப்பட்டிருந்தது. பீரோ பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. டியூப் லைட் எரிந்தது. ஏழின் மேலும் ஒன்பதின் மேலும் புதிதாக ஒரு கோட் அடித்து, வளையமும் கொப்பளமும் இருந்த இடம் தெரியாமல் மறைத்திருந்தான் மேனேஜர். மூன்று கட்டமும் பளபளவென்று நின்றன. பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கையைக் கட்டிக்கொண்டு அவன் அதைப் பார்த்து ரசித்த அழகைக் கண்டு, இத்தனை வருஷம் இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டோமா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அஞ்சு மணிக்குத் தங்கை வந்தாள். தோளில் துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் பெண் உள்ளே ஓடிவிட்டது. பாவாடைப் பாக்கெட்டில் இன்ஹேலர் ஆட, கையை அகல விரித்து அறையை அளந்தது. பீரோ ஓரமாகக் கட்டில் போடலாம், தலைமாடு சுவரை ஒட்டி இருக்கட்டும் என்று தானே முடிவும் செய்துகொண்டது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவியது.

சாயக்காரி ஒரு அடி முன்னால் வைத்தாள், நின்றாள்.

தங்கை வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள். பெயிண்ட் வாசனைக்குக் கீழே வேறு ஏதோ அடிக்கிறதே, மழையில் நனைந்த புத்தகக் கட்டு மாதிரி என்றாள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறை, வேறென்ன அடிக்கும் என்று மேனேஜர் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு மூன்று கட்டத்துக்கும் முன்னால் போய் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று கையை விரித்தாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. எது?"

"எட்டுதான்," என்றான் மேனேஜர். "காலையிலயே பார்த்து முடிவு பண்ணியாச்சு. என்ன, எட்டுதானே?"

அண்ணனும் தங்கையும் அவளைப் பார்த்தார்கள். குழந்தையும் இடுக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அதன் விரல் நுனி கறுப்பாக இருந்தது. அந்தக் கையாலேயே அது மூக்கைத் தேய்க்கப் போயிற்று.

சாயக்காரி எட்டிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் கைப்பையைத் திறந்தாள். துணியில் சாயம் ஒட்டுமா உதிருமா என்று தேய்த்துப் பார்க்கிற வெள்ளைத் துண்டுகள் அவள் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்தாள். பீரோவைத் தோளால் தள்ளி, பின்னால் கையை விட்டு, பட்டறையில் தேய்க்கிறாற்போலவே பத்து தடவை அழுத்தித் தேய்த்து வெளியே எடுத்தாள்.

துண்டில் வெள்ளை மிச்சமில்லை. கறுப்பும் பச்சையுமாகச் சளி மாதிரி ஏதோ அதிலிருந்து நூல் விட்டுத் தொங்கியது.

"எதுவும் ஆகாது," என்றாள்.

தங்கை பெண்ணிடம், குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். குரல் நூலகத்தில் பேசுவது போலவே தணிந்திருந்தது. மேனேஜர் தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்று மழுப்பினான். பெயிண்டரைத் திட்டினான். கடைசியில், கலர் விஷயத்தில் நான் எங்கே தலையிட்டேன், எல்லாம் உன் அண்ணி பார்த்ததுதானே என்று கையைத் துடைத்துக்கொண்டான். தங்கை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணன் பொய் சொல்லுவான். சின்ன வயசுலேர்ந்து தெரியும். நீங்க சொல்லுங்க அண்ணி. உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அண்ணியின் கண்ணை நம்புகிறவள் வாயை நம்பமாட்டாளா?

"காலையில."

"மத்தியானம் நான் போன் பண்ணினப்போ?"

"தெரியும்."

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். சாயக்காரியின் கையிலிருந்த துண்டை இரண்டு விரலால் வாங்கினாள். கறை உள்பக்கம் போகும்படி நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிப்பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அந்தத் துண்டைப் பார்த்தபோது இருந்த அதே பார்வை. சாயக்காரி இரண்டையும் பார்த்தவள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் துளி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாடி ரூம் சாவியைக் குடுங்க. ஒரு தடவை பார்த்துட்டு வரேன்."

இப்போது எதற்கு மாடி, விளக்கு வைக்கிற நேரம், முதலில் உட்கார்ந்து பேசலாம் என்று மேனேஜர் குறுக்கே வந்தான். சாவி சாயக்காரியின் கைப்பையில், மிச்சமிருந்த வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவில் கிடந்தது. இன்னும் ஒரு நிமிஷம் அவள் தயங்கினாள். மேலே என்ன தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

குழந்தை ஈரக் கையோடு வந்து, தன் அறை இது இல்லையா என்று அவளைக் கேட்டது. அவள் அதன் பாவாடையிலேயே கையைத் துடைத்துவிட்டாள்.

படியில் காலடிச் சத்தம் ஏறிப் போயிற்று. பூட்டு திறந்தது. அப்புறம், கம்பியில் திரைச்சீலை வளையங்கள் மெதுவாக நகருகிற சத்தம். ஒரு பக்கமாகப் போய் நின்றது. மறுபடி திரும்பி வந்தது.

மேனேஜர் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை அது நூலகத்துக் குரலாக இல்லை.

"அண்ணி, இந்தத் திரையை எப்போ தெச்சீங்க?"